பாதி ஊர் வீட்டு வரி கட்டவில்லை, நான் மட்டும் ஏன் கட்டணும்?

பாரூர்க்காரன்:
காவேரிப்பட்டினம் பக்கம் கிராமம், ஊர்ப் பெயர் வேண்டாம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன், ஊரில் அப்பா பெயரில் ஒரு ஓட்டு வீடு. போன வாரம் கரண்டு சர்வீஸை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது, அதற்கு வீட்டு வரி ரசீது வாங்க ஊராட்சி அலுவலகம் போனேன். வரி 120, நூலக வரி 12, ஆக மொத்தம் 132 ரூபாய். (நூலகத்தின் பூட்டு துருப்பிடித்துப் பல காலம் ஆகிறது, அது வேறு கதை.) கிளர்க் ரசீது போடும்போது டிமாண்ட் நோட்டு (யார் எவ்வளவு வரி கட்டணும் என்று எழுதி வைக்கும் பதிவேடு) மேசையில் திறந்தே கிடந்தது, கண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, பார்த்துவிட்டேன். எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடு, கட்டியவர்கள் ஒன்பது பேர். மற்றவர்களுக்கு நிலுவைக் கட்டத்தில் பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, காகிதமே தேய்ந்துபோயிருக்கிறது.

அதைவிடப் பெரிய கூத்து, மெயின் ரோட்டில் இரண்டு மாடிக் கட்டடம், கீழே டைல்ஸ் கடை, மேலே இரண்டு குடித்தனம். நோட்டில் அது இன்னும் 'கூரை வீடு', அதுவும் செத்துப்போன தாத்தா பெயரில்! கேட்டால் கிளர்க் சிரிக்கிறார். "தம்பி, நானும் இந்த ஊர்லதான் பொண்ணு கட்டிக் குடுக்கணும்" என்கிறார். ஆனால் நாலு மாதமாகத் தெருவிளக்கு எரியவில்லை என்றால் மட்டும் 'ஊராட்சியில் நிதி இல்லை'. இதை யாரிடம் கேட்பது? நானும் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

மாங்கொட்டை:
ஒன்றும் ஆகாது. நான் ஆறு வருடம் கட்டவில்லை, ஒருத்தரும் வாசல்படி ஏறிக் கேட்கவில்லை. அப்புறம் வீட்டுக் கடனுக்கு பேங்கில் ரசீது கேட்டார்கள், ஒரே நாளில் மொத்தமாகக் கட்டினேன், ஆயிரத்துச் சொச்சம்தான். ரசீது தேவைப்படும்போது கட்டினால் போதும், எல்லோரும் அப்படித்தான்.

ஓய்வுபெற்றவன்:
'எல்லோரும் அப்படித்தான்' என்பதால்தான் விளக்கு எரியவில்லை தம்பி. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊராட்சிக்கு மேலிருந்து வரும் பணம் பெரும்பாலும் 'இதற்குத்தான் செலவு செய்யணும்' என்று முத்திரை குத்தியே வரும். மோட்டார் காயில் எரிந்துபோனால், பல்பு மாற்ற வேண்டுமென்றால், யாரையும் கேட்காமல் எடுக்கக்கூடிய சொந்தக் காசு வீட்டு வரியும் குழாய் வரியும்தான். ஒரு காலத்தில் ஊராட்சி வசூலிக்கும் வீட்டு வரிக்கு ஈடாக அரசும் ஒரு மானியம் கொடுத்தது, அப்போது ஒரு ரூபாய் விட்டால் இரண்டு ரூபாய் நஷ்டம். அப்போதே வசூலிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

1994 ஊராட்சிகள் சட்டத்தில் வழி இருக்கிறது. நோட்டீஸ் கொடுக்கலாம், ஜப்தி வரைக்கும் போகலாம். என் சர்வீஸில் வீட்டு வரிக்கு ஒரு அண்டாவைக்கூட யாரும் ஜப்தி செய்து பார்த்ததில்லை. கிளர்க்குக்குப் பாதி ஊர் பங்காளி, மீதி ஊர் மாமன் மச்சான். தலைவருக்கு எல்லோரும் ஓட்டு. தலைவரே இல்லாத காலம் என்றால், 2016 முதல் 2019 வரை இருந்தது, மறுபடி 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்ததும் வந்தது, அப்போது தலைவர் இடத்தில் பி.டி.ஓ.தான் (வட்டார வளர்ச்சி அலுவலர்) தனி அலுவலர். ஒன்றியம் முழுக்க அவர் தலையில், உங்கள் தெரு நிலுவையை அவர் எங்கே பார்ப்பார்?

எல்லோரும் ஓடி வந்து கட்டியதை ஒரே ஒரு வாரம் பார்த்திருக்கிறேன். 2019 டிசம்பர், வேட்புமனு வாரம். பாக்கி உள்ளவர் தேர்தலில் நிற்க முடியாது இல்லையா, பத்து வருடமாகத் தலைகாட்டாதவர்கள் கத்தையாக நோட்டை நீட்டி 'இன்னைக்கே ரசீது போடு' என்று கிளர்க் கழுத்தில் நின்றார்கள். அதிலும் ஒரு சூட்சுமம், பில்லோ நோட்டீஸோ முறைப்படி கொடுத்திருந்தால்தான் அந்தப் பாக்கி செல்லும். நோட்டீஸே போகாத ஊரில் எவரும் பாக்கிதாரர் இல்லை. பெரிய ஆட்களுக்கு நோட்டீஸ் ஏன் போவதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

தென்பெண்ணை:
அய்யா, டவுன் என்றால் நேர்மை என்று நினைத்துவிட வேண்டாம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் இருக்கிறேன். இங்கே அரையாண்டுக்கு ஒரு முறை சொத்து வரி, ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, நிலுவை வைத்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. 2022-ல் ஏற்றியதிலிருந்து எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். முன்பு வீட்டு வாசலில் தமுக்கடித்து மானத்தை வாங்குவார்கள், அதே வருடம் அரசு தண்டோரா வேண்டாம் என்றதும் ஆட்டோவில் மைக் கட்டினார்கள்.

ஆனால் மைக் எந்தத் தெருவுக்குள் போகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அத்தைக்கு இரண்டாயிரம் ரூபாய் நிலுவை, வீட்டுக்காரர் இல்லை, பூக்கட்டி விற்கிறார். வந்த இரண்டு பேர் வாசலில் குழி தோண்டி ஒகேனக்கல் குழாயைத் துண்டித்து, முனையில் ஒரு கட்டையை அடித்துவிட்டுப் போனார்கள். அத்தை என் வீட்டில்தான் மூன்று நாள் தண்ணீர் பிடித்தார். அந்த ஆட்டோ திரும்பிப் போன வழியிலேயே ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது, லட்சக்கணக்கில் பாக்கி என்று பில் கலெக்டரே சொல்கிறார், கேட்டால் 'கேஸ் நடக்குதும்மா'.

மாங்கொட்டை:
அக்கா சொன்னதைப் படித்ததும் கொஞ்சம் உறுத்துகிறது. சரி, கேட்க நினைத்தால் எங்கே கேட்பது?

ஓய்வுபெற்றவன்:
கிராம சபையில். இப்போது வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது, அடுத்தது அக்டோபர் 2. டைல்ஸ் கடைக்காரர் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், பங்காளிச் சண்டையாகிக் கூட்டமே கலைந்துவிடும். 'இந்த வருடக் கேட்பு, அதாவது வர வேண்டிய வரி, எவ்வளவு, வசூல் எவ்வளவு, நிலுவை எவ்வளவு, கட்டடங்களைக் கடைசியாக அளந்தது எப்போது' என்று மட்டும் கேளுங்கள், பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அதையே எழுத்தில் கேளுங்கள். நிலுவையை விட, கூரை வீடு என்று எழுதிய மாடி வீடுதான் பெரிய ஓட்டை. அவர் நாளைக்கே பாக்கி இல்லாமல் கட்டினாலும் கட்டுவது கூரைக்கான வரிதானே.

அப்புறம் ஒன்று, 2023-லிருந்து ஊராட்சி வரியை ஆன்லைனில் பார்க்கலாம், கட்டலாம். போவதற்கு முன் உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டு உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். அடுத்தவரைக் கேட்கும்போது நம் பக்கம் சுத்தமாக இருக்கணும்.

பாரூர்க்காரன்:
அய்யா, இப்போதுதான் பார்த்தேன். அப்பா பெயரில் இரண்டு வருடம் நிலுவை என்று காட்டுகிறது. அப்பா வருடா வருடம் கட்டி, ரசீதை ஹார்லிக்ஸ் டப்பாவில் சுருட்டிப் போட்டு வைப்பார். அம்மாவுக்குப் போன் போட்டு எடுக்கச் சொன்னேன், அந்த இரண்டு வருட ரசீதும் இருக்கிறது, கிளர்க் கையெழுத்தோடு. அப்படியென்றால் அந்தப் பென்சில் நோட்டில் இன்னும் எத்தனை பேர் கட்டிவிட்டுப் பாக்கிதாரர் ஆகியிருக்கிறார்கள் தெரியவில்லை, யோசிக்காமல் தெருக்காரர்களைத் திட்டிவிட்டேன். 2-ஆம் தேதி டப்பாவோடு போகிறேன். மற்ற வீட்டிலும் பழைய ரசீது இருந்தால் எடுத்து வரச் சொல்லி அம்மா இப்போதே கிளம்பிவிட்டார்.