லுபுன்டுவில் கேவிஎம்: "பெர்மிஷன் டினைடு" வருது

பாலக்கோடு வாசகர்:
இன்டெல் ஐ3, 4 ஜிபி ராம், லுபுன்டு. க்யூஎமுவில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) டெபியன் லினக்ஸ் பூட் செய்தால் ஆமை வேகம். அதை வேகமாக்கும் லினக்ஸ் வசதியான கேவிஎம்மோடு ஓட்டினால் பெர்மிஷன் டினைடு. பயாஸில் விடி-எக்ஸ் (கேவிஎம்முக்குத் தேவையான இன்டெல் சிபியு வசதி) ஆன் செய்தாச்சு. எதை விட்டேன்?

ஓசூர்க்காரன்:
முதலில் சிபியு-செக்கர் தொகுப்பைப் போட்டு, சுடோவோடு (அட்மின் உரிமையோடு) கேவிஎம்-ஓகே கட்டளையை ஓட்டுங்க. "கேன் பி யூஸ்டு" என்று வந்தால் பயாஸ் பக்கம் சரி. "டிசேபிள்டு" என்றால் லேப்டாப்பை முழுசா ஆஃப் செய்து திரும்பப் போடுங்க. சில மாடல்களில் வெறும் ரீஸ்டார்ட்டுக்கு அந்த மாற்றம் ஏறாது.

உங்க எர்ரருக்குக் காரணம் பெரும்பாலும் குரூப்தான்: கேவிஎம்மைப் பயன்படுத்த அனுமதி உள்ள யூசர் குழுவில் நீங்க இல்லை. யூசர்மாட் கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி இரண்டும் போட்டு உங்க யூசரை கேவிஎம் குரூப்பில் சேருங்க. அந்தச் சின்ன ஏ-வை மறந்தால் சுடோ குரூப்பிலிருந்தே வெளியே போயிடுவீங்க, அப்புறம் ரெகவரி மோடுதான் கதி. சேர்த்ததும் லாக்-அவுட் செய்யணும். டெர்மினலை மட்டும் மூடித் திறந்தால் பத்தாது. தினமும் சுடோவில் ஓட்டுவது சோம்பேறி வழி.

பென்னாகரம் பெங்குவின்:
அண்ணன் சொன்னதோடு: கெஸ்டுக்கு (உள்ளே ஓடும் டெபியனுக்கு) 1 ஜிபி ராம் போதும். 2 கொடுத்தால் பிரவுசர் திறந்ததும் ஸ்வாப் நிரம்பும். வேகத்துக்கு க்யூஎமு அமைப்பில் சிபியு மாடல் ஹோஸ்ட், டிஸ்க் விர்ட்ஐஓ என்று வைங்க. க்யூஎமு மாதிரியே இன்னொரு மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் ஏதாவது ஓடினால் முதலில் நிறுத்துங்க, இரண்டும் விடி-எக்ஸுக்கு மோதும். பேட்டரி செத்த லேப்டாப்பா? அப்போ டிஸ்க்கின் கேஷ் அமைப்பை "அன்சேஃப்" என்று வைக்காதீங்க; கரண்ட் போனால் டிஸ்க் இமேஜே கெட்டுப்போகலாம்.

பாலக்கோடு வாசகர்:
குரூப்தாங்க. லாக்-அவுட் செய்ததும் ஓடுது.