பாறை வளைவா, பாறைத் தோரணமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாறையில் இயற்கையாக உண்டாகும் திறப்புகளைக் குறிக்கும் 'ஆர்ச்', 'நேச்சுரல் பிரிட்ஜ்' என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் 'இயற்கை வளைவு' என்ற ஒரே சொல்லை நம் கலைச்சொல் பட்டியலில் இட்டிருக்கிறோம். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவைப் பார்த்து வந்தபின், அது போதாது என்று உறுதியாக எண்ணுகிறேன்.

அந்தப் பாலைநிலத்தின் மணற்கல்லுக்கு வெகு ஆழத்தில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் வற்றிப் படிந்த உப்புப் படுகை இருக்கிறது. மேலே குவிந்த பாறையின் பாரத்தால் உப்பு நெகிழ்ந்து நகர்ந்து புடைக்க, மணற்கல்லில் வரிவரியாக வெடிப்புகள் விழுந்தன. அவை அகல அகல, நடுவே ஒடுங்கிய பாறைச் சுவர்கள் எஞ்சின. மணலைப் பிணைத்திருக்கும் சுண்ணத்தை மழைநீர் கரைப்பதாலும், விரிசல்களில் தேங்கிய நீர் குளிரில் உறைந்து விரிவதாலும் அச்சுவர்கள் உதிர்ந்து துளை விழுகின்றன. இதில் ஓடைக்குப் பங்கே இல்லை. இப்படி உண்டான 'லேண்ட்ஸ்கேப் ஆர்ச்' 93 மீட்டர் அகலத்துக்கு நாடாபோல் மெலிந்து நிற்கிறது. 1991இல் அதிலிருந்து பெரும் பாளம் ஒன்று விழுந்தபின், அதன் அடியில் சென்ற பாதையை மூடிவிட்டார்கள்.

அதே மாநிலத்தின் நேச்சுரல் பிரிட்ஜஸ் பகுதியிலுள்ள 'சிபாப்பு' என்னும் பாறைத் திறப்பு வேறு வகை. வளைந்து ஓடிய நீரோட்டம், வளைவின் கழுத்துப் பாறையைக் குடைந்து நேர்வழி கண்டதால் அது உண்டானது. 'ஆற்று வளைவை நீர் குடைந்ததால் பாறை வளைவு தோன்றியது' என்று எழுதினால் மாணவர் எந்த வளைவை எங்கே பொருத்துவார்?

ஆகவே முதல் வகைக்குப் 'பாறைத் தோரணம்' என்றும், நீரோட்டம் குடைந்ததற்குப் 'பாறைப் பாலம்' என்றும் வழங்கலாம். பாலத்தையும் தோரணத்தின் ஒரு வகையாகக் கொள்ளும் அறிஞர்கள் உண்டு. அப்போதும் தோரணம் பொதுப்பெயராக நின்றுகொள்ளும். தோரணம் என்றதும் தொங்கும் மாவிலைதான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எழலாம். ஆனால் திருமலையிலுள்ள இயற்கைப் பாறைத் திறப்பைச் 'சிலாதோரணம்' என்றே அழைக்கிறோம். சிலப்பதிகாரத்தில் அவந்தி வேந்தன் அளித்ததாக வருவதும் தோரண வாயிலே. புதிதாக ஆக்கிய சொல்லைவிட, இதே பொருளுக்கு ஏற்கெனவே வழங்கும் சொல்லுக்கே நான் முன்னுரிமை தருவேன்.

'ஃபின்' எனப்படும் அந்த ஒடுங்கிய சுவருக்கு மீனை நினைத்துப் 'பாறைத் துடுப்பு' என்று எழுத வேண்டியதில்லை. வரிசையாக உயர்ந்து நிற்கும் அதன் தோற்றத்துக்குப் 'பாறை மதில்' பொருந்தும். இதைவிடச் செறிவான சொல் இருந்தால் அறியத் தாருங்கள்.