புதுப்பிப்பு: அப்பிச்சிக்குக் காது மெஷின் வந்துவிட்டது

சோமனூரில் காலமெல்லாம் தறி ஓட்டிக் காது மந்தமான எங்கள் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பா) அரசு உதவியில் மெஷின் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது.

ஒரு காது மட்டும் மந்தம் என்றால் போதாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபெல் இழப்பு இருக்க வேண்டும். அதனால் அரசு மருத்துவமனையில் ஆடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் சோதனை), அப்புறம் சான்றிதழ், அடையாள அட்டை, கடைசியாக மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு. அலைச்சல்தான்.

மாட்டியதும் அப்பிச்சி கேட்ட முதல் கேள்வி: "ஏங்கண்ணு, இந்த ஃபேன் எப்பவுமே இப்படித்தான் கத்துதா?" மெஷின் பேச்சை மட்டுமல்ல, எல்லாச் சத்தத்தையும் கூட்டும். டீக்கடையில் டம்ளர் உருளும் சத்தத்துக்கே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார். முதலில் வீட்டுக்குள் ஓரிருவரோடு பேசும்போது மட்டும் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது வேலை செய்கிறது.

பேட்டரி விஷயம்: ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போடுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால்தான் அது உயிர்பெறும். உரித்தபின் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. அப்பிச்சி முயன்று பார்த்துவிட்டார்.

விசில் சத்தம் மட்டும் இன்னும் வருகிறது. காதில் வைக்கும் அச்சு தளர்வாம். அளவெடுத்துப் புதிது செய்யக் கொடுத்திருக்கிறோம், அது எங்கள் செலவு.