சிறுவர் போராளியா, சிறார் படைவீரரா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வெள்ளிக்கிழமை சட்ட மாணவர்களுக்கு டொமினிக் ஒங்வென் வழக்கைத் தமிழில் நடத்துகிறேன். அதற்கு 'child soldier' என்பதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும். வட உகாண்டாவில் பள்ளிக்குப் போகும் வழியில் லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படை கடத்திக்கொண்டு போன பையன் அவன். வளர்ந்தபின் அதே படையில் தளபதி ஆனார். 2021-இல் ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 61 குற்றச்சாட்டுகளில் அவரைக் குற்றவாளி என்றது. 25 ஆண்டுச் சிறை. (ஒரே பத்தியில் அவன், அவர் இரண்டும் வந்துவிட்டன. திருத்த மனம் வரவில்லை.) 15 வயது நிரம்பாதவர்களைப் படையில் சேர்த்ததும் அந்தக் குற்றங்களில் அடக்கம். ஆக அன்றைய ஒங்வெனுக்கும் அவர் சேர்த்த பிள்ளைகளுக்கும் ஒரே சொல் பொருந்த வேண்டும். 'சிறுவர் போராளி' உறுத்துகிறது. உதவுங்கள்.
— வகுப்புக்காரன்

போராளி வேண்டவே வேண்டாம். அதில் கொள்கையும் விருப்பமும் ஏறியிருக்கின்றன. ஈழத்துச் செய்திகளில் ஊன்றிவிட்ட சொல்தான், ஆனாலும் கடத்தப்பட்டவனுக்கு அது ஒட்டாது. 'சிறார் படைவீரர்' என் ஓட்டு. தயவுசெய்து 'சிறார்ப் படை' என்று ஒற்றுப் போடாதீர்கள். ய ர ஈற்று உயர்திணைப் பெயர் முன் வல்லினம் மிகாது, நன்னூல் தெளிவாகச் சொல்கிறது.
— மதுரைக்காரி

ஒற்று கிடக்கட்டும் அம்மா. 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்றார் தொல்காப்பியர். குழவிலிருந்து குழவி, குழந்தை, மழவிலிருந்து மழலை. மழவர் யார்? போர்மறவர்! இளமையும் போரும் ஒரே சொல்லில் இருக்கும்போது எதற்கு ஒட்டுச்சொல்? 'மழப்படையர்' என்போம். மழித்தல், மழு எல்லாம் இதே வேர்தானா என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
— கொல்லிமலையான்

ஐயா, அதியமானை மழவர் பெருமகன் என்றுதான் பாடியிருக்கிறார்கள். அவனையும் ஹேக்கில் நிறுத்திவிடாதீர்கள். மாணவர்கள் 'மழைப்படை' என்று படித்துவிட்டுக் குடை தேடுவார்கள்.
— மதுரைக்காரி

'வீரர்' என்பதிலும் எனக்குச் சிக்கல். படைகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பற்றிய பன்னாட்டு நெறிகளான 2007-இன் பாரிஸ் கோட்பாடுகள் துப்பாக்கி ஏந்தியவர்களை மட்டும் எண்ணவில்லை. சமைத்தவர், சுமை தூக்கியவர், தூது போனவர், பாலியல் வன்முறைக்காகப் பிடித்துவைக்கப்பட்ட சிறுமிகள் எல்லாரும் அதில் வருவார்கள்.

வயது இன்னொரு தலைவலி. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தபோது 18 நிரம்பாதவரை அந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சியரா லியோன் உள்நாட்டுப் போர்க்குற்றங்களை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தின் சட்டமோ 15 வயதிலிருந்தே இடம் கொடுத்தது. வழக்குத் தொடுநர்தான் பிள்ளைகள் மேல் வழக்குப் போட மாட்டேன் என்றுவிட்டார். பதினேழு வயதுக்காரனைக் 'குழந்தை' என்றால் வகுப்பே சிரிக்கும்.
— வகுப்புக்காரன்

அப்படியானால் 'படைப்பட்ட சிறார்'. வலைப்பட்ட, பிணிப்பட்ட என்பது போல. 'படு'வில் துன்பமும் இருக்கிறது, செயப்பாட்டும் இருக்கிறது.
— திண்ணைவாசி

அழகான சொல், அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒங்வென் தரப்பு கேட்டதே அந்தப் 'பட்ட'வைத்தானே? உயிருக்கு அஞ்சிச் செய்தார், மனநோய் இருந்தது என்றார்கள். நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. வழக்கில் உள்ள 2002–2005 செயல்கள் வளர்ந்த ஆள் செய்தவை என்றது. கடத்தப்பட்ட பிள்ளைப்பருவம் தண்டனையைக் குறைக்க மட்டும் உதவியது. நம் சொல்லே முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதினால் மாணவர்கள் எதை வாதிடுவார்கள்?
— மதுரைக்காரி

'ஆட்சேர்ப்பு' என்கிறோமே, ஆளே ஆகாதவனைச் சேர்ப்பது எப்படி ஆட்சேர்ப்பு? ஒரே மகனுக்கு எண்ணெய் நீவி வேல் கொடுத்தனுப்பும் புறநானூற்றுத் தாயை எந்தப் பிரிவில் போடுவீர்கள்?
— கொல்லிமலையான்

ஐயா, அந்தப் பக்கம் போனால் என் வெள்ளிக்கிழமை போய்விடும். 'சிறார் படையினர்' என்று எழுதப்போகிறேன். சமைத்த பையனும் அடங்குவான், வீரமும் இல்லை, பரிதாபமும் இல்லை. தனிமடலில் மூவர் சரி என்றார்கள். அதில் ஒருவர் 'எதையாவது வையுங்கள், தூங்க வேண்டும்' என்றார்.
— வகுப்புக்காரன்

சரி, ஒருமைக்கு? 'ஒங்வென் ஒரு சிறார் படையினர்' என்று எழுதுவீர்களா?
— மதுரைக்காரி

மழவன்.
— கொல்லிமலையான்