இரண்டு சிட்ரோயன்களும் என் அவசரக் காலும்

பழைய கார்களைப் பிள்ளைபோலப் பேணும் நண்பர் ஒருவரிடம் சிட்ரோயன் கார்கள் இரண்டு இருக்கின்றன: ஒரு டிராக்சியோன் அவான், ஒரு டி.எஸ். 19. சென்ற மாதம் ஒரே காலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் டிராக்சியோன், 1934-இல் வந்த வகை. முன்சக்கர இழுவை என்பதுதான் பெயரின் பொருளே. தனிச் சட்டகம் கிடையாது, உடற்கூடே எல்லாவற்றையும் தாங்குகிறது. கியர் கம்பி டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது, மூன்றே கியர். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது. நகர்ந்துவிட்டாலோ வளைவுகளில் தரையைக் கவ்விக்கொண்டு போகிறது. அரை மணி நேரத்தில் பழகிவிட்டேன். அந்தத் தெம்புதான் அடுத்த வண்டியில் என் மானத்தை வாங்கியது.

டி.எஸ். 1955-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமானது. எஞ்சினைக் கிளப்பியதும் ஒட்டகம் எழுவதுபோல் முதலில் பின்பக்கம் உயர்ந்தது, பிறகு முன்பக்கம். ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் வாயுவும் அடைத்த உருண்டைகள். ஸ்டியரிங், பிரேக், கியர் எல்லாவற்றுக்கும் எண்ணெய் அழுத்தம்தான். கிளட்ச் மிதி இல்லை. பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் காளான்போல் ஒரு ரப்பர்க் குமிழ். “மிதிக்காதீர்கள், தொட்டால் போதும்” என்று நண்பர் சொல்லியிருந்தார். முதல் திருப்பத்திலேயே, டிராக்சியோனை மிதித்த அதே பலத்தோடு மிதித்தேன். வண்டி ஆணி அடித்ததுபோல் நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய் டாஷ்போர்டில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டவர், “எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்” என்றார்.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். டி.எஸ்.ஸின் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே 1911 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சின். டிராக்சியோனின் எஞ்சினைப் புது சிலிண்டர் ஹெட் போட்டுத் திருத்தியது. கியர்பாக்ஸ் முன்னால், எஞ்சின் பின்னால் என்ற பழைய வரிசையும் மாறவில்லை. இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஃபிளாமினியோ பெர்தோனி, பொறியாளர் ஆந்த்ரே லெஃபெவ்ர். அந்த எண்ணெய் சஸ்பென்ஷனைக்கூட 1954-இல் ஆறு சிலிண்டர் டிராக்சியோனின் பின்சக்கரங்களில்தான் முதலில் பொருத்தினார்களாம். வானத்திலிருந்து குதித்ததாக டி.எஸ்.ஸைப் புகழ்பவர்கள் இந்த அம்மாவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் டிராக்சியோனைத்தான் எடுப்பேன். ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் எனக்கே அது புரிந்துவிடும்.

இதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நிறுத்தி வைத்த டி.எஸ். மெல்லத் தரையை நோக்கித் தாழ்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பதறினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.