அப்பாவுடன் கெயகே போகிறோம், கியோத்தோவில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஏப்ரல் முதல் வாரம் அப்பாவை ஜப்பானில் உள்ள கியோத்தோவுக்குக் கூட்டிப் போகிறேன். வயது 71, முழங்கால் வலி இருக்கிறது. பொதுப்பணித் துறையில் வாய்க்கால், மதகு என்றே காலம் கழித்தவர். கோயில்களை விட, பிவா ஏரித் தண்ணீரை மலையைக் குடைந்து கொண்டுவந்த கால்வாயைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்.

கராசுமா ஒயிகே நிலையத்தில் தோசாய் சுரங்க ரயில் வழித்தடத்துக்கு மாறி, அந்தக் கால்வாய் இருக்கும் கெயகேயில் இறங்கணும், அது வரை சரி. அப்புறம்தான் குழப்பம். நிலையத்தின் முதலாம் வாசல் வழியாக வந்தால் செங்கற்களைத் திருகினாற்போல் அடுக்கிய நெஜிரிமான்போ சுரங்கம் பக்கம் என்கிறார்கள். அந்த வாசலுக்கு லிஃப்ட் உண்டா, படிதானா? மேலே, அந்தக் காலத்தில் படகுகளை வண்டியில் ஏற்றி இழுத்த 582 மீட்டர் சரிவுப் பாதையில் தண்டவாளம் இன்னும் கிடக்கிறது. நடுவில் சரளைக்கல். ஊன்றுகோலோடு அதில் நடக்க முடியுமா, ஓரமாக வேறு நடைபாதை இருக்கிறதா?

அங்கிருந்து நான்சென்ஜி கோயிலுக்குள் இருக்கும் 1888-ஆம் ஆண்டுச் செங்கல் நீர்ப்பாலம் வரை மெதுவாக நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? வழியில் உட்கார இடம் கிடைக்குமா? செர்ரி பூக்கும் நேரம் என்பதால் கூட்டத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. காலை ஏழு மணிக்குப் போனால் பரவாயில்லையா, இல்லை டாக்ஸியே மேலா?

பெற்றோரோடு போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் ஓடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கணும், அவ்வளவுதான் என் ஆசை.