கண் வறட்சிக்கு ஒளிச் சிகிச்சை: யாழ்ப்பாணத்தில ஆரும் செய்தனீங்களோ?

வணக்கம் உறவுகளே. அம்மாவுக்குக் கன காலமாக் கண் வறட்சி. இமை ஓரம் சிவந்து வீங்கி, காலமை எழும்பேக்க பீளை காய்ஞ்சு இமை மயிரோட ஒட்டிக்கிடக்கும். சோளகக் காத்து தொடங்கினால் கோயிலடிக்குக் கூடப் போகமாட்டா. சுடுதண்ணி ஒத்தடமும் துளி மருந்தும் விடாமச் செய்யிறம்; கொஞ்ச நேரம்தான் சுகம்.

இமை விளிம்பில இருக்கிற மைபோமியன் சுரப்பிகளின்ர எண்ணெய் தடிச்சு அடைபட்டதால, கண்ணீர் கெதியா ஆவியாகுதாம். இதுக்கு ஐ.பி.எல். (விட்டுவிட்டுப் பாய்ச்சிற கடும் ஒளி) எண்ட ஒளிச் சிகிச்சை இருக்கு. கண்ணுக்குக் கவசம் போட்டு, கீழிமைக்குக் கீழயும் கன்னத்திலயும் ஒளி பாய்ச்சுவினம். வழமையா 4 தரம், சில கிழமை இடைவெளியில. 2021இல அமெரிக்காவின்ர மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின்ர அனுமதியும் கிடைச்சது.

என்ர பயம் தோல் நிறம்தான். கறுத்த தோல் அந்த ஒளியைக் கூடுதலா உறிஞ்சும். சுடலாம், கறை விழலாம். அம்மா நல்ல கறுப்பு. இதே வருத்தத்துக்குச் செய்யிற இன்னொரு முறையான சிவப்பு எல்.ஈ.டி. ஒளிச் சிகிச்சையில இந்த ஆபத்து குறைவு.

யாழ்ப்பாணத்தில இதில ஏதாவது செய்யினமோ, கொழும்புக்குத்தான் போகவேணுமோ? எங்கட நிறத்து ஆக்கள் செய்திருந்தால், தோலுக்கு என்ன நடந்தது, சுகம் எவ்வளவு காலம் நிண்டது எண்டு சொல்லுங்கோ. செலவு விபரமும் தெரிஞ்சால் பெரிய உதவி.